துருவைப் படமெடுக்கப் பூதலூர் போனேன்

சிங்கப்பூரில் நல்ல துரு கிடைப்பது சிரமம். ஒரு கம்பத்தின் அடியில் காசளவுக்குச் செம்மை படர்ந்தால் போதும், இரண்டு பேர் வந்து இரும்பு வெளுக்கும்வரை தேய்த்துச் சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நானோ துருவைப் படமெடுக்கிறவன். ஒரு மழைக்காலத்தையாவது இரும்பு நிம்மதியாகக் கழித்தால்தான் எனக்குப் பிழைப்பு.

துருவுக்கு மிக நெருக்கமாகப் போய் எடுத்தால், அது எதன் மேல் பிடித்த துரு என்பது மறைந்துவிடும். நிறமும் கோடும் மட்டும் மிஞ்சும். அதைப் பெரிதாக அச்சிட்டு மாட்டினால் அரூப ஓவியம் என்று சொல்வார்கள். ஆணியோ விளிம்போ எழுத்தோ ஓரத்தில் தெரிந்துவிட்டால் படம் செத்தது. பார்ப்பவர் ‘ஓ, இரும்புக் கேட்டா?’ என்று கேட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

என் படங்களை மாட்ட ஒரு சிறிய கலைக்கூடம் முன்வந்திருந்தது. அதை நடத்தும் மெய்லின் என்ற பெண்மணி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “எல்லாம் ஒரே பழுப்பு. பெரிய சுவர் காலியாக இருக்கிறது. அதற்கு ஒன்று கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் அந்தச் சுவரை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவேன்” என்றார். அந்தச் சமயத்தில் தஞ்சாவூரில் இருக்கும் பழைய நண்பர் தன் புது வண்டியின் படத்தை அனுப்பினார். வண்டிக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் மதகு. அதன் இரும்புத் தகட்டில் ஆரஞ்சு, கடுகு மஞ்சள், கருஞ்சிவப்பு, ஆங்காங்கே பச்சை. வண்டி எப்படி இருக்கிறது என்று நண்பர் கேட்டார். மதகு எங்கே இருக்கிறது என்று நான் கேட்டேன்.

சிங்கப்பூருக்குப் போகும் முன் சென்னையில் ஒரு நாளிதழில் பல வருடங்கள் மாவட்டப் பக்கம் பார்த்தவன் நான். பூதலூர், மயிலாடுதுறை, கூத்தாநல்லூர் என்று வந்த செய்திகளைக் கணக்கில்லாமல் திருத்தியிருக்கிறேன். ஒன்றிலும் கால் வைத்ததில்லை. இப்போதுதான் வைத்தேன். வாய்க்காலின் பெயரை மட்டும் எழுதப்போவதில்லை.

முதல் நாள் தஞ்சாவூரைச் சுற்றினேன். பெரிய கோவிலுக்கு நகரப் பேருந்தில் போகும்போது படிக்கட்டின் ஓரத்தில் அருமையான துரு. நீலப் பெயிண்ட் உரிந்து அதன் கீழிருந்து செம்மை எட்டிப்பார்த்தது. நிறுத்தத்தில் இறங்கிக் குனிந்தேன். நடத்துநர் விசில் ஊதாமல் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “சார், உள்ள இதைவிட நல்லா இருக்கு, ஏறி எடுங்க. டிக்கெட் மட்டும் வாங்கிக்கங்க” என்றார். பேருந்தே சிரித்தது. சிங்கப்பூரில் இதற்கு அனுமதி வாங்க நான்கு மின்னஞ்சல் எழுதவேண்டும்.

ஊரில் எல்லோரும் தண்ணீரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். மேட்டூரில் திறந்துவிட்டார்கள். தண்ணீர் எங்கே வந்திருக்கிறது என்பதை, வெளியூரிலிருந்து கிளம்பிய மாப்பிள்ளை எந்த ஸ்டேஷன் தாண்டினார் என்று விசாரிப்பதுபோல் விசாரித்தார்கள். மாயனூர் தாண்டிவிட்டது என்றார் விடுதிக்காரர். இன்னும் இல்லை, கரூர்தான் என்றார் இட்லி வைத்தவர். கல்லணையைத் திறந்ததும் பூதலூர்ப் பக்கத்து மதகுகளுக்கு வந்துவிடுமாம். தண்ணீர் வந்தால் தகடு நனைந்து நிறம் மாறிவிடும். அதற்குள் எடுக்கவேண்டும்.

மறுநாள் காலை வாடகைக் காரோடு ஹாஜா மைதீன் வந்தார். கூத்தாநல்லூர்க்காரர். குவைத்தில் பல வருடம் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். எதைப் படமெடுக்கப் போகிறோம் என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கொஞ்ச தூரம் போனதும், “கம்பெனி செலவா சார்?” என்றார். என் செலவு என்றேன். அதற்குப் பிறகு பூதலூர்வரை மிகவும் மரியாதையாக, உடம்புக்கு முடியாதவரை அழைத்துப் போவதுபோல் ஓட்டினார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. திறந்தபோது அந்தப் பக்கம் ஒரு அறுவடை இயந்திரம் பழுதாகிச் சாலையின் அகலத்துக்கு நின்றது. கோடை நெல் அறுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகும் வண்டி. ஓட்டுநர் அதன் அடியில் படுத்திருந்தார். இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்தன. யாரும் திட்டவில்லை. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், எல்லா யோசனைகளையும் அடியில் படுத்திருந்தவர் “சரிங்க, சரிங்க” என்று ஏற்றுக்கொண்டார். ஒரு அம்மாள் கூடையை இறக்கி அங்கேயே வெள்ளரிப்பிஞ்சு விற்க ஆரம்பித்தார். மிளகாய்த்தூள் தூவி வாங்கித் தின்றோம். அந்த நேரத்தில் ஒரு கூட்ஸ் வண்டி கடந்தது. பெட்டிக்குப் பெட்டி துரு. ஹாஜா மைதீன் கையை நீட்டி, “சார், போகுது பாருங்க, போகுது பாருங்க” என்று பதறினார். தொழில் அவருக்கும் பிடித்துப்போயிருந்தது.

மதகு படத்தில் இருந்ததைவிட நன்றாக இருந்தது. வாய்க்கால் வறண்டு, அடியில் சேறு பாளம் பாளமாக வெடித்திருந்தது. இறங்கித் தகட்டின் முன்னால் நிற்கலாம். ஆள் உயரத் தகடு, அதற்கு மேலே திருகுக் கம்பி, கம்பியைச் சுற்றுவதற்கு ஒரு சக்கரம். தகட்டின் கீழ்ப்பகுதியைக் காய்ந்த சேறு இறுக்கி மூடியிருந்தது.

அருகில் போனதும் ரகசியம் தெரிந்தது. இங்கே வருடந்தோறும் துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஒரு வருடம் பச்சை, ஒரு வருடம் சில்வர், ஒரு வருடம் காவி. துரு ஒவ்வொரு பூச்சையும் கீழிருந்து முட்டிப் பிளந்துகொண்டு வந்திருக்கிறது. குறுக்கே தண்ணீர் நின்ற மட்டம் வெள்ளைக் கோடுகளாக உப்புப் பூத்திருந்தது. வெறும் துருவுக்கு ஒரே நிறம். சிங்கப்பூர்க்காரர்கள் தேய்த்துவிட்டு அடிக்கிறார்கள், அதனால் அவர்களிடம் பெயிண்ட் இருக்கிறது, படம் இல்லை.

வெயில் ஏறிவிட்டதால் வெளிச்சம் தட்டையாக இருந்தது. காலை வெளிச்சத்தில்தான் எடுக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே கேமராவை வெளியே எடுத்தேன். கரையில் டீக்கடை. அங்கிருந்து பச்சைத் துண்டு போட்ட ஒருவர் எழுந்து வந்தார். அவர் பெயர் ரெங்கராஜ். குத்தகைக்கு எடுத்துக் குறுவை நாற்று விட்டிருப்பவர். என்னை எதுவும் கேட்கவில்லை. திரும்பி, “வாங்கய்யா, பேப்பர்லேந்து வந்திருக்காங்க” என்று குரல் கொடுத்தார். நான்கைந்து பேர் இறங்கி வந்தார்கள். மதகின் இரண்டு பக்கமும் நின்றார்கள். ரெங்கராஜ் துண்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் வலது கையை நீட்டி ஆள்காட்டி விரலால் துருவைக் காட்டினார்கள். முகத்தில் வேதனை.

இந்தப் படத்தை எனக்குத் தெரியும். ‘துருப்பிடித்து இத்துப்போன மதகைச் சுட்டிக்காட்டும் விவசாயிகள்’ என்று இதன் கீழே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். இந்தக் கைகள் எப்படி ஒன்றாக நீள்கின்றன என்பதை மட்டும் இதுவரை நேரில் பார்த்ததில்லை. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று இப்போது தெரிந்தது.

நான் பத்திரிகையிலிருந்து வரவில்லை, சிங்கப்பூரிலிருந்து வருகிறேன் என்றேன். ரெங்கராஜ் கையைக் கீழே இறக்காமலேயே, “சிங்கப்பூர் பேப்பர்ல வந்தா இன்னும் நல்லதுங்க” என்றார்.

அந்தச் சமயத்தில்தான் கரையில் ஒரு மொபெட் வந்து நின்றது. காக்கிச் சட்டை போட்ட ஒருவர் இறங்கினார். அவர் கலியபெருமாள். இந்த மதகையும் இன்னும் சில மதகுகளையும் திறந்து மூடும் ஊழியர். இந்தப் பக்கம் லஸ்கர் என்கிறார்கள். நீட்டிய கைகளையும் என் கேமராவையும் அவர் ஒருசேரப் பார்த்தார். ஓடிவந்து தகட்டின் முன்னால் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

“எடுத்ததை அழிச்சிடுங்க சார்” என்றார்.

நான் இன்னும் ஒரு படம்கூட எடுக்கவில்லை. அதை அவர் நம்பவில்லை. விஷயத்தை ஹாஜா மைதீன்தான் கேட்டு எனக்குச் சொன்னார். போன வருடம் பக்கத்து வாய்க்கால் மதகு இதேபோல் பேப்பரில் வந்தது. அந்த மதகைக் கவனித்துவந்த லஸ்கருக்கு மெமோ கொடுத்தார்கள், பிறகு கடைமடைக்கு மாற்றிவிட்டார்கள். கலியபெருமாள் பல வருடமாகத் தற்காலிக ஊழியர். இந்த முறை நிரந்தரம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர் வருவதற்குள் மதகுக்குப் பெயிண்ட் அடிக்கும்படி உத்தரவு. டின் வந்து வீட்டில் இருக்கிறது. இப்போது துருவோடு ஒரு படம் வெளியே போனால் எல்லாம் போச்சு.

ரெங்கராஜுக்கு இதில் வருத்தம். “உன் மேல யாருய்யா புகார் சொன்னா? மதகு மேலதானே புகார்” என்றார்.

“புகார் மதகு மேல. மெமோ எம் மேல” என்றார் கலியபெருமாள்.

கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. உடனே வீட்டுக்குப் போய் டின்னை எடுத்துவந்து இன்றைக்கே அடித்துவிடப் போவதாகக் கலியபெருமாள் சொன்னார். எனக்கு மெய்லினின் காலிச் சுவர் ஞாபகம் வந்தது.

ஹாஜா மைதீன் முன்னால் வந்தார். “அண்ணே, இவரு எடுக்குற படத்துல ஒண்ணுமே தெரியாதுண்ணே. நான் பார்த்தேன். மதகுன்னு சத்தியம் பண்ணுனாக்கூட எவனும் நம்ப மாட்டான்.”

“ஒண்ணும் தெரியாத படத்தை எடுக்கவா பாய் சிங்கப்பூர்லேந்து வந்திருக்காரு?”

“அதைத்தான் நானும் வழி நெடுகக் கேட்டுக்கிட்டு வர்றேன்.”

முதல் நாள் எடுத்த பேருந்துப் படிக்கட்டைக் கேமராத் திரையில் காட்டினேன். கலியபெருமாள் வெயிலைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தார். வானமா என்று கேட்டார். பேருந்துப் படிக்கட்டு என்றேன். மறுபடி பார்த்தார். அவர் முகத்தில் முதல்முறையாகச் சந்தேகம் குறைந்தது. யோசித்து ஒரு ஏற்பாடு சொன்னார். இப்போது ஒரே ஒரு படம் எடுக்கலாம். அதை டீக்கடையில் எல்லோருக்கும் காட்டவேண்டும். ஒருவராவது மதகு என்று சொல்லிவிட்டால் அழித்துவிட வேண்டும், அவர் போய்ப் பெயிண்ட் அடித்துவிடுவார். யாருக்கும் தெரியாவிட்டால் நாளைக் காலை என் இஷ்டம்போல் எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு அடிப்பார்.

மெய்லின் வைத்திருப்பதும் ஏறக்குறைய இதே சோதனைதான். சம்மதித்தேன்.

ரெங்கராஜும் மற்றவர்களும் மனம் சோர்ந்து டீக்கடைக்குப் போயிருந்தார்கள். தகட்டின் இடது ஓரத்தில், பச்சையும் காவியும் கலந்து நடுவில் வெள்ளைக் கோடுகள் ஓடும் ஒரு கையகல இடத்தைப் படமெடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் போனேன்.

டீக்கடையை நடத்துபவர் வசந்தா. மெதுவடை அப்போதுதான் எண்ணெயிலிருந்து வந்திருந்தது. அதைப் பிட்டுச் சாம்பாரில் தோய்த்துத் தின்றுகொண்டே சோதனை நடந்தது. என்ன படம் என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான் என்று ஹாஜா மைதீன் அறிவித்தார். கலியபெருமாள் டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். முதலில் பார்த்தவர் முறுகல் தோசை என்றார். அடுத்தவர் பால் அடிப்பிடித்த சட்டி என்றார். ஒரு பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மாட்டுத் தோல், செவலை மாடு என்று தீர்ப்புச் சொன்னார். வசந்தா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். “இது எங்க வீட்டுச் சுவருதான். மழை ஒழுகி ஒழுகி இப்படித்தான் இருக்கு. எப்ப எடுத்தீங்க?” என்றார்.

கடைசியாகக் கேமரா ரெங்கராஜிடம் போனது. அரைமணி நேரத்துக்கு முன் இதே இடத்தை விரல் நீட்டிக் காட்டியவர். கலியபெருமாள் தரையைப் பார்த்தார். நான் வடையைக் கீழே வைத்தேன். ரெங்கராஜ் திரையை இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு என்னிடம் திருப்பிக் கொடுத்து, கொஞ்சம் கோபமாகவே சொன்னார்: “இதெல்லாம் ஒரு படமா சார்? அங்க மதகு அப்படிக் கெடக்கு, அதை எடுக்காம என்னத்தையோ எடுத்து வச்சிருக்கீங்க.”

இவ்வளவு நல்ல விமர்சனம் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. கலியபெருமாள் டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

எல்லாம் முடிந்தது என்று எழுந்தபோது ஒரு ஸ்கூட்டர் வந்தது. கலியபெருமாள் விறைப்பாக நின்றார். இந்தப் பகுதியின் உதவிப் பொறியாளர், ஏ.இ. மேடம் என்று அழைக்கப்படுகிற இளம்பெண். பெயிண்ட் அடித்தாகிவிட்டதா என்று கேட்டார். நாளைக்கு முடித்துவிடுவதாகக் கலியபெருமாள் சொன்னார். மேடத்தின் பார்வை என் கையில் இருந்த கேமராவில் விழுந்தது. திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. என்ன படம் என்று கேட்டுக்கொண்டே வாங்கிப் பார்த்தார்.

“சாட்டிலைட் இமேஜா?” என்றார். பெரிதாக்கினார். “டெல்டாதானே? இது காவிரி. இது வெண்ணாறு, இங்க பிரியுது பாருங்க. பச்சை எல்லாம் வயல். இந்த வெள்ளைக் கோடு புதுஆறு. கான்கிரீட் லைனிங் போட்டதுக்கு அப்புறம் எடுத்தது, அதான் இவ்வளவு வெள்ளையா வருது.”

“ஆமாங்க மேடம்” என்றார் கலியபெருமாள்.

“நம்ம செக்‌ஷன் இதோ இங்க வரும்.”

“கரெக்டுங்க மேடம்.”

அவர் விரல் வைத்த இடத்தில் ஒரு பொருக்கு உரிந்திருந்தது. பத்திரிகையில் இருந்தவன், கேட்டால் உண்மையைச் சொல்லியாகவேண்டும். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. வாயைத் திறக்கலாமா என்று நான் யோசிப்பதற்குள் கலியபெருமாளின் செருப்பு என் செருப்பின் மேல் வந்து நின்றது. படம் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு மேடம் அடுத்த மதகைப் பார்க்கப் போனார். ஸ்கூட்டர் வளைவில் மறைந்தது. அதற்குப் பிறகு ஹாஜா மைதீன்தான் முதலில் சிரித்தார். ரெங்கராஜுக்கு மட்டும் என்ன நடந்தது என்று விளங்கவில்லை. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் விடிந்ததும் போய்விட்டோம். கலியபெருமாள் எங்களுக்கு முன்னால் வந்து, டின்னின் மேல் உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து ஒவ்வொரு பொருக்குக்கும் நிழல் கொடுத்தது. நான் எடுக்க எடுக்க, ஒவ்வொரு படத்தையும் அவர் வாங்கிப் பார்த்தார். “போல்ட்டு தெரியுது, வேண்டாம்.” “இந்த ஓரத்துல நம்பர் எழுதுனது லேசா இருக்கு பாருங்க.” “இது தகடுன்னு தெரிஞ்சிடும் சார், இன்னும் கிட்டப் போங்க.” எத்தனையோ படப்பிரிவு ஆசிரியர்களோடு வேலை செய்திருக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயத்தோடு படம் தேர்ந்தெடுப்பவர் எவ்வளவு கறாராக இருப்பார் என்பதை அன்றுதான் பார்த்தேன். அவர் தள்ளியவை எல்லாம் தள்ளவேண்டியவைதான். மிஞ்சியவற்றில் ஒன்று பெரிய சுவருக்குப் போதும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு பெயிண்ட் டின்னைத் திறந்தார். சில்வர். துருவின் மேலேயே தூரிகையை வைத்தார். சுரண்டிவிட்டு அடிக்கக் கூடாதா என்று ஹாஜா மைதீன் கேட்டார்.

“சுரண்டுனா தகடே இருக்காது பாய்.”

பச்சை மறைந்தது, காவி மறைந்தது, டெல்டா மறைந்தது. காய்ந்த சேறு தொடங்கும் இடத்தில் தூரிகை நின்றது. அதற்குக் கீழே யாருக்குத் தெரியப்போகிறது என்றார்.

தண்ணீர் முக்கொம்புக்கு வந்திருந்தது. இன்னும் நேரம் இருந்ததால் மறுநாள் ஹாஜா மைதீன் கூத்தாநல்லூரில் தன் அக்கா வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப்போனார். வழியில் அங்கே எப்படிப்பட்ட துரு இருக்கிறது என்று வர்ணித்துக்கொண்டே வந்தார். ஊருக்குள் நுழைந்தால் தெருவுக்குத் தெரு பெரிய வீடுகள், வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருப்பவர்களுடையவை. பாதிக்குமேல் பூட்டியிருந்தன. கேட்டுகள் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஒரு புள்ளி துருகூட இல்லை. என் முகத்தைப் பார்த்த ஹாஜா மைதீன், “இங்க ஆளுங்கதான் சார் வெளியூர்ல கெடந்து துருப்பிடிக்கிறோம்” என்றார்.

அக்காவின் பெயர் ஜொஹரா. மதியம் நெய்ச்சோறும் தால்சாவும். அதற்குப் பிறகு தம்ரூட். ரவையும் பாலும் நெய்யும் முட்டையும் சேர்த்து, சட்டியின் இரும்பு மூடி மேல் நெருப்பைக் கொட்டி வேகவைக்கும் இனிப்பு. மேல் பக்கம் மட்டும் பழுப்பாக வெந்து வெடித்திருக்கும். அந்த மேல்பக்கத்தையே ஒரு படம் எடுத்தேன். மெய்லினிடம் காட்டினால் துரு என்றுதான் சொல்வார்.

சாப்பிட்டு முடித்ததும் ஜொஹரா அக்கா பெருமையோடு உள்ளே போய் அந்தப் பழைய தம் மூடியைக் கொண்டுவந்தார். துருப்பிடித்த மூடி ஒன்று இருக்கிறது, அதைப் படம் எடுக்க வருகிறார் என்று தம்பி போனில் சொல்லியிருந்தார். சிங்கப்பூரிலிருந்து படமெடுக்க வருகிறவர் முன்னால் அழுக்கு மூடியை வைக்க அக்காவுக்கு மனம் வரவில்லை. முந்தின நாளே புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்துவிட்டார். மூடி பளபளத்தது. அதில் என் முகம் தெரிந்தது.

ஹாஜா மைதீன் தலையில் கைவைத்தார். “அக்கா, அந்தத் துருவுக்காகத்தான் வந்தாரு.”

“போடா, யாராவது துருவை எடுப்பாங்களா” என்றார் அக்கா. மூடியை என்னிடம் நீட்டி, “நீங்க எடுங்க தம்பி, இப்ப நல்லா விழும்” என்றார்.

எடுத்தேன். நன்றாகவே விழுந்தது. மூடியைப் பிடித்துக்கொண்டு அக்காவும் அதில் இருக்கிறார்.

திரும்பும் வழியில் கல்லணை திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ஐந்தாம் நாள் காலை மதகடியில் கூட்டம். பெண்கள் பூத்தட்டோடு வந்திருந்தார்கள். வசந்தா கடையை மகளிடம் விட்டுவிட்டுப் புதுச் சேலையில் நின்றார். உண்மையான பத்திரிகைக்காரர் ஒருவரும் வந்திருந்தார், கையில் செல்போன் மட்டும். ரெங்கராஜ் தன் ஆட்களைக் கூட்டிவந்து மதகின் இரண்டு பக்கமும் நிறுத்தினார். செல்போன் உயர்ந்ததும் பழக்கதோஷத்தில் எல்லோருடைய கையும் நீண்டு, பளிச்சென்றிருந்த சில்வர் மதகைச் சுட்டிக்காட்டியது. பத்திரிகைக்காரர், “அண்ணே, இன்னைக்குக் கும்பிடுங்கண்ணே” என்றார். கும்பிட்டார்கள்.

தண்ணீர் வாய்க்காலில் வருவதை முதலில் சத்தமாகத்தான் கேட்டேன். காய்ந்த சருகையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் வந்தது. மதகின் அந்தப் பக்கம் தேங்கி உயர்ந்தது. பூவும் விதைநெல்லும் விழுந்தன. கற்பூரம் காட்டினார்கள். ஏ.இ. மேடம் தலையசைத்தார். சலவைக் காக்கியில் நின்ற கலியபெருமாள் சக்கரத்தில் கைவைத்தார்.

நான் மதகின் இந்தப் பக்கம், கரையில் ஒதுங்கி நின்றிருந்தேன். என் வேலை முடிந்துவிட்டது. கேமரா கழுத்தில் தொங்கியது.

திருகு முனகியது. தகடு அசைந்து மேலே வர, அடியிலிருந்து பீறிட்ட தண்ணீர் இறுகிய சேற்றைக் கழுவிக்கொண்டு போனது. சில்வர் மேலே போனது. அதன் கீழே தூரிகை படாத பகுதி வெளியே வந்தது. பல வருடமாகச் சேற்றிலும் தண்ணீரிலும் ஊறிய இரும்பு. ஈரத்தில் கத்தரிப்பூ நிறமும் இரத்தச் சிவப்பும் கருப்பும், கீழ் விளிம்பில் மஞ்சள் தீயாக எரிந்தது. அதன் மேல் தண்ணீர் கோடு கோடாக வழிந்தது. நான் எடுத்து வைத்திருந்ததெல்லாம் இதன் பக்கத்தில் ஒன்றுமில்லை.

கை தானாகக் கேமராவுக்குப் போனது. ஆனால் மேடம் ஐந்தடியில் நின்றிருந்தார். பத்திரிகைக்காரர் அவர் பக்கத்தில். நான் கேமராவை அந்தத் தகட்டை நோக்கித் தூக்கினால் அவர்கள் பார்வையும் அதோடு திரும்பும். பாதி அடித்த மதகு எல்லோருக்கும் தெரிந்துவிடும். கையை இறக்கினேன்.

மேலே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த கலியபெருமாள் குனிந்து தகட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மேடத்தையும் செல்போனையும் கூட்டத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். குறுவைக்குத் தண்ணீர் ஓட ஆரம்பித்திருந்தது. ரெங்கராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதோடு கரையில் நடந்துகொண்டிருந்தார், மற்றவர்கள் அவர் பின்னால்.

“எடுங்க சார்” என்றார் கலியபெருமாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. “எல்லாரும் தண்ணியத்தான் பார்க்குறாங்க.”

சக்கரத்தைக் கொஞ்சம் மெதுவாகச் சுற்றினார்.